ஏழாம் கட்டில் மணி

நீங்கள் மணியை அமுக்கவே இல்லை என்று என் அப்பாவிடம் நான் சொன்னேன். அச்சடித்த காகிதத்தைக் கையில் பிடித்து, வரிகளை விரலால் காட்டி, ஒரு தடவைக்கு மூன்று தடவையாகச் சொன்னேன். இடுப்பெலும்பு முறிந்து, இரண்டு தலையணைகளுக்கு நடுவில் அசையாமல் படுத்திருந்த மனிதரிடம் அதைச் சொல்லியிருக்க வேண்டாம். ஆனால் எனக்கு மூக்குக்கு மேல் கோபம். அந்த மணிக்கான மென்பொருளை எழுதியவள் நான்.

அப்பா குடலிறக்க ஆபரேஷனுக்காக அந்த மருத்துவமனையில் சேர்ந்திருந்தார். சின்ன ஆபரேஷன்தான். எங்கள் கம்பெனி செய்த அழைப்பு மணி அங்கே ஒவ்வொரு கட்டிலிலும் இருந்தது. தலைமாட்டிலிருந்து தொங்கும் ஒயரின் முனையில் ஒரு பட்டன். அமுக்கினால் அதிலேயே சிவப்பு விளக்கு எரியும், நர்ஸ் மேசையில் இருக்கும் திரையில் கட்டில் எண் வரும். நர்ஸ் போய்ப் பார்த்துவிட்டு வந்து திரையில் 'முடிந்தது' என்று தட்டினால்தான் விளக்கு அணையும். அதனால்தான் அப்பாவுக்குத் துணையாக ஆள் வைக்கலாமா என்று அண்ணன் கேட்டபோது, "மணி இருக்கே, ஆள் எதுக்கு? நான் எழுதினது" என்று பெருமையடித்தேன்.

ஆபரேஷனுக்கு மறுநாள் மதியம் அப்பா தனியாக எழுந்து கழிவறைக்குப் போகப் பார்த்து, வாசலில் விழுந்தார். சத்தம் கேட்டுத்தான் நர்ஸ் ஓடி வந்திருக்கிறாள். மணியை அமுக்காமல் ஏன் எழுந்தீர்கள் என்று அவள் கேட்டதற்கு, மூன்று தடவை அமுக்கினேன், யாரும் வரவில்லை என்று அப்பா சொன்னாராம். வராவிட்டால் அது நர்ஸின் குற்றம் அல்லது என் குற்றம். நான் அன்று சாயங்காலமே பதிவுகளை எடுத்துப் பார்த்தேன். மூன்றாம் மாடி வார்டு, ஏழாம் கட்டில், அன்றைய தேதி என்று கேட்டேன். ஒரு அழைப்புகூட இல்லை.

"அமுக்கினேம்மா. விளக்கு எரிஞ்சுது, என் கண்ணால பார்த்தேன்" என்றார் அப்பா.

"எரிஞ்சுதுன்னா யாராவது வந்திருப்பாங்க இல்ல?"

"யாரும் வரலை. ரெண்டு நிமிஷம் கழிச்சு விளக்கு தானா அணைஞ்சு போச்சு. மறுபடி அமுக்கினேன். மறுபடியும் தானா அணைஞ்சுது."

"அப்பா, அது தானா அணையவே அணையாது. நர்ஸ் தட்டினாத்தான் அணையும். அப்படித்தான் எழுதியிருக்கேன்."

"நாப்பது வருஷம் பட்டனோட குடும்பம் நடத்தினவன் நான். பட்டன் அமுக்கினேனா இல்லையான்னு எனக்குத் தெரியாதா?"

அது உண்மைதான். அப்பா லிஃப்ட் மெக்கானிக். ஓய்வு பெற்ற பிறகும் பல கட்டடங்களில் அவரைத்தான் கூப்பிடுவார்கள். மாடி மாடியாக ஏறி இறங்கி, கயிற்றைப் பார்த்து, பிரேக்கைப் பார்த்து, 'ஆட்கள் ஏறலாம்' என்று அவர் கையெழுத்துப் போட்டால்தான் கட்டடச் சங்கச் செயலாளர்களுக்கு நிம்மதி. ஒரு தடவை ஒரு கட்டடத்தில் எல்லாரும் சரியாக இருக்கிறது என்று சொன்ன பிறகும், நாலாம் மாடிப் பட்டன் அரை நொடி தாமதிக்கிறது என்று சொல்லி, கையெழுத்துப் போட மாட்டேன் என்று ஒற்றைக் காலில் நின்றார். திறந்து பார்த்தபோது உள்ளே ஒயர் கருகியிருந்தது.

அதையெல்லாம் அறிந்த நான்தான், "கம்ப்யூட்டருக்கு உங்க மேல என்னப்பா பகை? அது ஏன் பொய் சொல்லணும்?" என்று கேட்டேன். மயக்க மருந்து கொடுத்த வயசானவர்களுக்குக் கனவும் நினைவும் குழம்பும் என்று டாக்டர் ஏற்கெனவே சொல்லியிருந்தார். விளக்கு தானாக அணைந்தது என்று அப்பா சொன்னது எனக்கு அதற்கு நல்ல சாட்சியாகப் போய்விட்டது. நடக்கவே முடியாத ஒன்றை ஒருவர் சொன்னால் அவர் கனவு கண்டிருக்கிறார் என்றுதானே அர்த்தம்? அப்பா காகிதத்தை வாங்கிக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து நீண்ட நேரம் பார்த்தார். பிறகு என்னிடம் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அப்பாவை அண்ணன் தன் வீட்டுக்குக் கூட்டிப்போனான். அம்மா போன பிறகு ஆறு வருடம் தனியாக இருந்து, தானே சமைத்துச் சாப்பிட்டவர். இனி அது முடியாது என்று அண்ணன் முடிவுகட்டினான். இடுப்பு சரியாகிவிடும், அதற்காக இல்லை. "அமுக்காத மணியை அமுக்கினேன்னு சொல்றவர், மூடாத கேஸை மூடினேன்னு சொல்ல எத்தனை நாளாகும்?" என்றான். அண்ணி மட்டும், "இன்னும் கொஞ்ச நாள் பார்க்கலாமே" என்றாள். நான் அண்ணன் பக்கம் பேசினேன். மாதக் கடைசியில் அப்பாவின் வீட்டைக் காலி செய்வதாக ஏற்பாடு.

நாங்கள் சண்டை வரும் என்று எதிர்பார்த்திருந்தோம். வரவில்லை. அப்பா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். அதைவிட அவர் சத்தம் போட்டிருக்கலாம். நான் போகும்போதெல்லாம், "மாத்திரை போட்டேனாம்மா?" என்று அண்ணியிடம் கேட்டுக்கொண்டிருப்பார். போட்டிருப்பார். சட்டைப் பையில் ஒரு சின்ன நோட்டு. பல் துலக்கியாயிற்று, தண்ணீர்க் குழாயை மூடியாயிற்று என்று அதில் எழுதி, எழுதியதற்குப் பக்கத்தில் அண்ணியிடம் டிக் வாங்குவார். ஒருநாள் ஒரு கட்டடத்தின் செயலாளர் போன் செய்தபோது நான் பக்கத்தில் இருந்தேன்.

"வேற ஆளைப் பாருங்க சார்" என்றார் அப்பா. "கால் சரியாயிடும். ஆனா பார்த்ததைப் பார்த்தேன்னு நானே நம்ப முடியாதப்போ, நான் கையெழுத்துப் போட்ட பெட்டியில எப்படி ஜனங்களை ஏத்துவீங்க?"

போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். சரியாகத்தானே சொன்னேன் என்று கேட்பது போல இருந்தது. சரியாகத்தான் சொன்னீர்கள் என்று நானும் சொன்னேன்.

நாலாவது வாரம் திங்கட்கிழமை, மருத்துவமனையிலிருந்து பெரிய சிஸ்டர் போன் செய்தார். இரண்டாம் மாடி வார்டின் தலைமை நர்ஸ். அவர் போன் செய்தால் எங்கள் மேனேஜர்கூட எழுந்து நின்றுதான் பேசுவார்.

"உங்க மணிக்குப் பேய் பிடிச்சிருக்கும்மா. காலையிலேர்ந்து எட்டு தடவை. நாலாம் கட்டில் கூப்பிடுதுன்னு வருது, ஓடிப்போய்ப் பார்த்தா அந்தம்மா நான் தொடவே இல்லைங்கறாங்க. என் பிள்ளைங்க ஓடி ஓடிக் கால் ஓய்ஞ்சு போச்சு. போன மாசம் ஒரு ரெண்டு நாள் இதே கூத்து நடந்துச்சு, அப்புறம் அதுவே நின்னுடுச்சுன்னு விட்டுட்டேன்."

"போன மாசமா? எப்போ சிஸ்டர்?"

"மூணாம் மாடி வார்டு திறந்தாங்களே, அந்தச் சமயம்."

போனை வைத்ததும் பக்கத்து இருக்கைப் பக்கம் திரும்பினேன். என் பக்கத்து இருக்கைக்காரனை நாங்கள் ஜோசியர் என்று கூப்பிடுவோம். எந்தக் கோளாறைக் கொண்டுபோனாலும் அதைப் பார்க்காமலே, "கடைசியா என்ன மாத்தினீங்க?" என்று ஒரே கேள்விதான் கேட்பான். பாதி நேரம் அது பலித்துவிடும். அன்றும் அதையே கேட்டான்.

"ஒண்ணும் மாத்தலை. இன்னைக்கு நாலாம் மாடியில புது வார்டு திறக்கறாங்க. அதுக்காக நேத்து ரெண்டாம் மாடி வார்டை நகல் எடுத்துப் போட்டேன்."

"மூணாம் மாடி?"

"அதுவும் அப்படித்தான்."

"நகல் எடுக்கற அந்தப் பகுதியைத் திற" என்றான். அவன் பார்ப்பதற்கு முன்பே நான் பார்த்துவிட்டேன்.

எங்கள் மென்பொருளில் வார்டு ஒரு பொருள். அதற்குள் கட்டில்கள், கட்டிலுக்குள் மணி. பெட்டிக்குள் பெட்டி வைப்பது மாதிரி. வார்டுக்குத் தனக்குள் எந்தெந்தக் கட்டில்கள் இருக்கின்றன என்று தெரியும். ஆனால் அது மட்டும் போதாது. மணி அமுக்கப்பட்டால் அது யாரிடம் போய்ச் சொல்லும்? கட்டிலிடம் சொல்லும், கட்டில் வார்டிடம் சொல்லும், வார்டு தன் திரையில் காட்டும். அதற்காக உள்ளே இருக்கும் ஒவ்வொன்றிடமும், உன்னை வைத்திருப்பது இன்னார் என்று மேல்நோக்கி ஒரு சுட்டி கொடுத்திருப்போம். குழந்தையின் சட்டையில் வீட்டு முகவரி குத்தி அனுப்புவதைப் போன்ற ஏற்பாடு.

நகலெடுக்கும் பகுதியை நான் ஒரு வெள்ளிக்கிழமை அவசரத்தில் எழுதினேன். ஒவ்வொரு வார்டுக்கும் பன்னிரண்டு கட்டில்களை முதலிலிருந்து அடித்துக்கொண்டிருக்க யாருக்குப் பொறுமை? இருப்பதை அப்படியே நகலெடுத்து, வார்டின் பெயரையும் ஒயர் எண்களையும் மாற்றினால் முடிந்தது. புதிய வார்டு வந்தது, அதற்குள் புதிய கட்டில்கள் பன்னிரண்டும் வந்தன. ஆனால் அந்தக் கட்டில்களின் சட்டையில் குத்தியிருந்த முகவரியும் அப்படியே நகலாகி வந்துவிட்டது. மேலிருந்து பார்த்தால் அவை மூன்றாம் மாடியின் கட்டில்கள். அவற்றைக் கேட்டால், நாங்கள் இரண்டாம் மாடியைச் சேர்ந்தவர்கள் என்று அத்தனையும் சொல்லும்.

வாராவாரம் புதன் விடியற்காலையில், மருத்துவமனையில் மணிகளை நடத்தும் கணினியை அணைத்துப் போடுவார்கள். போட்டதும் எல்லா வார்டுகளும் சேமிப்பிலிருந்து புதிதாகக் கட்டப்படும். அப்படிக் கட்டும் பகுதியை எழுதியவன் ஜோசியர். அவன் முகவரியை ஒழுங்காகத்தான் எழுதியிருந்தான். அதனால் தப்பு இரண்டே நாள் உயிரோடு இருந்துவிட்டுச் சுவடில்லாமல் போனது. வார்டு திறந்த அன்று சோதித்த டெக்னீஷியன் ஒவ்வொரு பட்டனாக அமுக்கி, விளக்கு எரிகிறதா என்று மட்டும் பார்த்து டிக் போட்டிருக்கிறார். அந்த இரண்டு நாளும் அங்கே மூன்றே நோயாளிகள். மற்ற இருவரோடு வீட்டு ஆட்கள் இருந்தார்கள். துணைக்கு ஆள் இல்லாதவர் என் அப்பா மட்டும்.

பதிவுகளைத் திறந்தேன். இந்தத் தடவை வார்டைச் சொல்லிக் கேட்கவில்லை, நேரத்தைச் சொல்லிக் கேட்டேன். எந்த வார்டு என்று பதிவில் எழுதுவதற்கும் மணி அதே முகவரியைத்தானே பார்க்கும்? அன்று நான் கேட்ட இடத்தில் அது எப்படி இருக்கும்?

இரண்டாம் மாடி, ஏழாம் கட்டில். மதியம் இரண்டு முப்பத்தொன்றுக்கு அழைப்பு. இரண்டு முப்பத்துமூன்றுக்கு நர்ஸ் 'முடிந்தது' தட்டியிருக்கிறாள், பக்கத்தில் 'தவறான அழைப்பு' என்று குறிப்பு. இரண்டு முப்பத்தெட்டுக்கு மறுபடி, நாற்பதுக்கு முடிந்தது. இரண்டு நாற்பத்துநாலுக்கு மூன்றாவது, நாற்பத்தாறுக்கு முடிந்தது. ஒவ்வொரு தடவையும் இரண்டாம் மாடி நர்ஸ் தன் ஏழாம் கட்டிலுக்கு ஓடியிருக்கிறாள். அங்கே யாரோ நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்திருப்பார்கள். திரும்பி வந்து அவள் தட்டியதும், ஒரு மாடி மேலே என் அப்பாவின் கையில் இருந்த விளக்கு அணைந்திருக்கிறது.

விளக்கு தானாக அணைந்தது என்று அவர் சொன்னார். ஒரு எழுத்துக்கூடக் கூட்டாமல், குறைக்காமல் சொன்னார். உண்மையைக் கண்டுபிடிக்க எனக்குத் தேவையான ஒரே தடயத்தை என் கையிலேயே கொடுத்தார். அதை வைத்துத்தான் நான் அவருக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று நிரூபித்தேன். எனக்கு அழுகை வரவில்லை. என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ள வேண்டும் போல இருந்தது. ஜோசியர் எழுந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்து வைத்தான்.

திருத்தம் ஒரே ஒரு வரி. அதைப் போட்டு, நாலாம் மாடி மணிகள் நாலாம் மாடியிலேயே அடிக்கின்றனவா என்று ஒருத்தரை நிற்கவைத்துப் பார்த்துவிட்டு, மேனேஜரிடம் போனேன். அவர் முழுக்கக் கேட்டார்.

"சரி பண்ணியாச்சு இல்ல? நாலாம் மாடியில நடந்ததை மட்டும் எழுதுங்க. போன மாசக் கதையை எதுக்குக் கிளறணும்? யாரும் கேட்கலையே."

"கேட்டாரு சார். மூணு தடவை கேட்டாரு. நான்தான் இல்லைன்னு சொன்னேன்."

அந்த அறிக்கையில் எல்லாவற்றையும் எழுதினேன், நேரங்களோடு, என் பெயரோடு. தைரியமெல்லாம் ஒன்றும் இல்லை, கோபம். கோபத்தில் எனக்குக் கை வேகமாக ஓடும். அனுப்பிவிட்டு மதியச் சாப்பாட்டைக்கூடத் தொடாமல் அண்ணன் வீட்டுக்குப் போனேன்.

கூடத்தில் அப்பாவின் வீட்டுச் சாமான்கள் பாதி வந்து இறங்கியிருந்தன. அண்ணி வேலைக்குப் போயிருந்தாள். அண்ணன் அட்டைப்பெட்டிகளுக்கு நடுவில் நின்று டேப் ஒட்டிக்கொண்டிருந்தான். ஜன்னலோரம் நாற்காலியில் அப்பா. நான் அவருக்கு முன்னால் தரையிலேயே உட்கார்ந்தேன்.

"அப்பா, அன்னைக்கு நீங்க மணியை அமுக்கினீங்க. மூணு தடவை. நான் சொன்னதுதான் தப்பு."

அண்ணன் டேப்பைக் கீழே வைத்தான். அப்பா என் முகத்தையே பார்த்தார். நான் முழுவதையும் சொன்னேன். நகல், முகவரி, இரண்டாம் மாடி நர்ஸ், அணைந்த விளக்கு. அவர் கவனமாகக் கேட்டார். இடையில் ஒரு கேள்விகூடக் கேட்டார், கட்டில், வார்டு இரண்டில் எது எதைக் கூப்பிடும் என்று.

"அதாவது, இந்தக் கட்டடத்துல மாடியில நின்னு பட்டனை அமுக்கறோம். பக்கத்துக் கட்டடத்து லிஃப்ட் போய்க் கதவைத் திறந்துட்டு நிக்குது" என்றார்.

"ஆமாம்பா. அதேதான்."

"இணைப்புத் தப்பு."

"நான் கொடுத்த இணைப்புப்பா."

"பரவாயில்லை, விடு. எத்தனையோ நல்ல ஆளுங்களுக்கும் நடந்திருக்கு. கண்டுபிடிச்சே இல்ல, அதைச் சொல்லு" என்று என் தலையில் கை வைத்தார். அண்ணனை நிமிர்ந்து பார்த்தேன். அவன் ஒட்டியிருந்த பெட்டியையே வெறித்துக்கொண்டிருந்தான். எல்லாம் சரியாகிவிட்டது என்றே நினைத்தேன். வீட்டை விட வேண்டாம், பெட்டிகளைத் திருப்பிக் கொண்டுபோய்விடலாம், அந்தச் செயலாளருக்குப் போன் போட்டுக் கொடுக்கலாம் என்று மனம் அதன் பாட்டுக்கு ஓடியது.

"ஆனா, அது வேற யாரோ அமுக்கினதா இருக்கும்மா" என்றார் அப்பா.

"இல்லப்பா. உங்க கட்டில்தான். ஒயர் எண் இருக்கு, உங்க கையில இருந்த பட்டன்தான்."

"நான் அமுக்கலையே." அவர் குரல் மிருதுவாக இருந்தது, எனக்கு வலிக்கக் கூடாது என்பதற்காகச் சொல்வது போல. "பட்டன் கட்டிலுக்குக் கீழே விழுந்துடுச்சு. ஒயர் கட்டில் காலைச் சுத்திக்கிச்சு. குனிஞ்சு எடுக்கப் பார்த்தேன், தையல் இழுத்துச்சு, எட்டலை. சரி, நாலடிதானே, நாமளே போயிடலாம்னு எழுந்தேன்."

பட்டன் கீழே விழவில்லை. அப்பா விழுந்ததும் ஓடிவந்த நர்ஸ் எழுதிய குறிப்பில், பட்டன் தலையணை மேல் கிடந்தது என்று இருக்கிறது. விழுந்திருக்கலாம் என்று சொன்னது நான். ஆபரேஷன் முடிந்த வாரம், பதிவில் ஏன் ஒன்றுமில்லை என்று அவர் திரும்பத் திரும்பக் கேட்டபோது, அலுத்துப்போய், "பட்டன் கீழே விழுந்து உங்களுக்கு எட்டாம போயிருக்கும்பா, நல்லா யோசிச்சுப் பாருங்க" என்று சொல்லியிருந்தேன். அவர் நல்லா யோசித்துப் பார்த்திருக்கிறார். ஒயர் சுற்றியதும் தையல் இழுத்ததும் நான் சொல்லாதவை.

"அது நான் சொன்னதுப்பா! நான் சும்மா சொன்னது. நீங்க முதல்ல சொன்னதுதான் நிஜம். விளக்கு எரிஞ்சுது, தானா அணைஞ்சுதுன்னு சொன்னீங்களே, ஞாபகம் இல்லையா?"

"அது மயக்க மருந்தும்மா. டாக்டர் சொன்னாரே."

நான் அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டேன். வாய்க்கு வந்ததையெல்லாம் சொன்னேன். ஜோசியரைக் கூப்பிட்டுப் பேசச் சொல்கிறேன் என்றேன், பெரிய சிஸ்டரையே கூட்டிவருகிறேன் என்றேன். அவர் அண்ணன் பக்கம் திரும்பி, "பாவம், எனக்காகத் தன் மேல பழியைப் போட்டுக்கறா. வேலைக்கு ஏதாவது வந்துடப்போகுது, நீ சொல்லு அவகிட்ட" என்றார்.

அப்பா என் கையை எடுத்துத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்துக்கொண்டார். "மத்ததெல்லாம் எனக்குக் குழப்பம்தான். காலையில என்ன சாப்பிட்டேன்னு கேட்டா நோட்டைப் பார்க்கணும். ஆனா இந்த ஒண்ணு மட்டும் எனக்கு நல்லா ஞாபகம் இருக்கும்மா" என்றார். நாலு வாரத்தில் முதல்முறையாக அவர் முகத்தில் அந்தப் பழைய நிச்சயம் தெரிந்தது.